வராதவர் பட்டியலில் முதல் பெயர்

கேள்வி: காரைக்குடியில் ஒரு சுயாதீன கிறிஸ்தவ சபையின் செயலாளர் நான். வயது 41. எங்கள் பள்ளத்தூர் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) ஏழெட்டுக் குடும்பத்தோடு தொடங்கிய சபை. இன்று வாக்குரிமை உள்ள அங்கத்தினர் 120 பேர். போன வருஷம் முதல் நூறடி ரோட்டில் ஒரு கடையின் மாடியை வாடகைக்கு எடுத்துக் கூடுகிறோம். சங்கமாகப் பதிவு செய்தபோது எழுதிய விதிகள் இரண்டே பக்கம். புதிதாக எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வரைவை இணைத்துள்ளேன். 7-ஆம் விதிதான் தகராறு: "தொடர்ந்து மூன்று மாதம் ஆராதனைக்கு வராதவரின் அங்கத்தினர் தகுதி தானாகவே நீங்கிவிடும்." மூப்பர்கள் இருவர் இது கடுமை என்கிறார்கள். கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) சேராமல் பொதுக்குழுவை இரண்டு முறை ஒத்திவைத்தோம். வேறு என்ன வழி? நான் பாரபட்சம் பார்ப்பவன் அல்ல. பள்ளத்தூரில் இருக்கும் என் அப்பாவே (74 வயது, பதிவுக்குக் கையெழுத்திட்ட ஏழு பேரில் ஒருவர்) மாடிக்கு மாறியதிலிருந்து வரவில்லை. அவருக்கும் இதே விதிதான். நான் எழுதியது சரிதானே? இன்னொன்று, என் மனைவியைப் பொருளாளராகப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
- செயலாளர், காரைக்குடி

பதில்: சரியில்லை தம்பி. விதியும் சரியில்லை, அதற்கு நீங்கள் காட்டிய சாட்சியும் சரியில்லை.

"மாடிக்கு மாறியதிலிருந்து வரவில்லை." இதை எழுதியது நீங்கள். எழுதியதைத் திரும்ப ஒருமுறை வாசித்தீர்களா? அப்பா ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பதில் அந்த வரியிலேயே கிடக்கிறது. 74 வயது மனிதர், தன் வீட்டுப் பட்டாலையில் பாய் விரித்து சபை நடத்தியவர், விசுவாசம் குறைந்தா வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்? கடைக் கட்டடத்து மாடிப்படி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். செங்குத்தாக, ஒரு ஆள் அகலத்தில், ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. அதுவும் பாதிப் படியில் கடைக்காரர் அட்டைப் பெட்டி அடுக்கியிருப்பார். அந்த இடத்துக்கு முன்பணம் கொடுத்த அன்று கமிட்டியில் ஒருவராவது "ஐயா எப்படி ஏறுவார்?" என்று கேட்டாரா? செயலாளர் என்ற முறையில் நீங்கள் கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை.

இதில் கொடுமை, இதைப் பாரபட்சமின்மைக்கு அத்தாட்சியாகக் காட்டுகிறீர்கள். மகன் போய்ப் பார்த்து, காரில் ஏற்றி, கையைப் பிடித்து மேலே கூட்டிவர வேண்டிய ஒருவரை, பட்டியலில் வைத்து அடித்துவிட்டு, "பாருங்கள், என் அப்பாவையும் விடவில்லை" என்கிறீர்கள். தன் குடும்பத்தை நடத்தத் தெரியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் தீமோத்தேயுவைக் கேட்டது (1 தீமோ. 3:5) பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றித்தான். காணிக்கை என்று பெயர் சொல்லித் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்ததையும் (மாற்கு 7) சேர்த்து வாசியுங்கள். அங்கே கொர்பான் (காணிக்கை என்ற அந்தச் சாக்கு), இங்கே 7-ஆம் விதி.

உங்கள் வரைவை முழுக்கப் படித்தேன். 14-ஆம் விதி என்ன சொல்கிறது? "அங்கத்தினர் அல்லாதவருக்கு அடக்க ஆராதனை நடத்துவது போதகரின் விருப்பத்தைப் பொறுத்தது." 7-ஐயும் 14-ஐயும் அடுத்தடுத்து வைத்து வாசியுங்கள். உங்கள் அப்பாவை அடக்கம் செய்ய சபை வருமா வராதா என்பதை வேறு ஒருவரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டு, கீழே செயலாளர் என்று கையெழுத்துப் போடப் போகிறீர்கள். நாள் வரும்போது போதகர் நிச்சயம் வருவார் என்பீர்கள். வருவார். ஆனால் அப்பா பெயர் இல்லாத பட்டியலை அன்றைக்கு யாராவது எடுத்துக் காட்டினால் உங்கள் முகம் எங்கே போகும்?

உங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். நகரத்தார் ஒன்பது கோயில்களில் புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கல்யாணம் ஆனால் அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளி. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போன தலைமுறைக்கும் அவரவர் கோயில் அவரவர் கோயில்தான். சபையும் கோயிலும் ஒன்றல்ல, தெரியும். விசுவாசமும் ஞானஸ்நானமும் பிறப்பால் வருவதில்லை. ஆனாலும் ஒரு பெயரைப் பட்டியலில் ஏற்றினால் அந்த ஆளுக்கு நாம் கடன்பட்டவர்கள் என்ற பாடத்தைப் பக்கத்து வீட்டில் கற்றுக்கொள்வதில் வெட்கம் இல்லை.

இனி விதிக்கு வருவோம். உங்கள் உண்மையான பிரச்சினை வருகை அல்ல, கோரம். இருக்கிற விதியில் கோரம் பாதி என்று போட்டிருக்கிறீர்கள். 120 பேருக்கு 60 வேண்டும். சிங்கப்பூரிலும் சென்னையிலும் திருப்பூரிலும் வேலையாக இருப்பவர்களும் படுக்கையில் இருப்பவர்களும் அந்த 120-க்குள் அடக்கம். பிறகு எப்படி 60 சேரும்? கணக்கைச் சரி செய்ய ஆளை வெட்டப் பார்த்தீர்கள். கணக்கையே மாற்றுங்கள். வர இயலாதோர், வெளியூரில் இருப்போர் என்று இரண்டு பட்டியல்களைத் தனியே வையுங்கள். அதில் இருப்பவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு, கூட்டத்துக்கு வந்தால் வாக்கும் உண்டு, கோரத்துக்கு மட்டும் எண்ணப்படமாட்டார்கள். இரண்டிலும் சேர்த்து 30 பேர் என்று வையுங்கள். மீதி 90, அதில் மூன்றில் ஒரு பங்கு 30. அதுவும் சேரவில்லையா? ஒரு வாரம் கழித்து அதே நேரம், அதே இடத்தில் கூடும் ஒத்திவைத்த கூட்டத்தில் வந்தவர்களே போதும் என்று எழுதலாம். ஆனால் விதித் திருத்தம், சொத்து வாங்கல் விற்றல், போதகர் நியமனம் இந்த மூன்றையும் ஒத்திவைத்த கூட்டத்தில் எடுக்கக் கூடாது என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள். இதை விட்ட சபைகளில்தான் பன்னிரண்டு பேர் கூடி இடத்தை விற்ற வழக்கெல்லாம் வருகிறது.

ஒரு முடிச்சு இருக்கிறது. கோரத்தை மாற்றவும் பழைய கோரத்தோடு ஒரு கூட்டம் நடந்தாக வேண்டும். நீங்கள் 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் இருக்கிறீர்கள். விதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: அதற்கென்றே நோக்கத்தைக் குறிப்பிட்டு 21 நாளுக்குக் குறையாத அறிவிப்பு, கூட்டத்துக்கு வந்திருக்கும் வாக்குரிமை உள்ளவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. பிறகு மாவட்டப் பதிவாளரிடம் பதிவாக வேண்டும். பதிவாகும்வரை புதிய விதி வெறும் காகிதம். அதை வைத்து இப்போதே பெயர் அடிக்கத் தொடங்கியிருந்தால் நிறுத்துங்கள். கூட்டத்தை மாலையில் வைக்காதீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, மதியச் சாப்பாட்டோடு, கீழ்த்தளத்தில் ஒரு இடம் பிடித்து நடத்துங்கள். 60 பேர் சேருவார்கள். படி ஏற முடியாத ஐந்தாறு பேர் அன்றைக்குத்தான் தலை காட்டுவார்கள், அதையும் கவனியுங்கள்.

7-ஆம் விதியிலிருந்து "தானாகவே" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். தானாக நீங்குவது என்றால் யாரும் போய்க் கேட்க வேண்டியதில்லை என்று பொருள். சோம்பேறிக் கமிட்டிக்கு அதைவிட வசதி உண்டா? வழக்கு வந்தாலும் முதலில் அடிபடுவது இதுதான்: நோட்டீஸ் இல்லை, விளக்கம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம். ஒருவரைத் தொடர்ந்து ஆறு ஞாயிறு காணவில்லை என்றால் ஏழாவது ஞாயிறுக்குள் மூப்பர் இருவர் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். போன தேதி, போனவர்கள் பெயர், அவர் சொன்ன காரணம் மூன்றையும் சந்திப்புக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். போனில் விசாரித்தது சந்திப்பு ஆகாது. நோய், முதுமை, வீட்டில் படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்வது ஆகியவை காரணம் என்றால் வர இயலாதோர் பட்டியல். வேலை என்றால் வெளியூர்ப் பட்டியல். வேறு சபைக்குப் போய்விட்டார் என்றால் மாற்றுக் கடிதம் கொடுத்து மரியாதையாக அனுப்புங்கள். கடிதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கல்யாண நேரத்தில் மிரட்டும் பழக்கம் அசிங்கம். வர விருப்பமில்லை என்று சொல்பவரை மட்டும் ஒரு மாதம் கழித்துப் போதகரோடு மறுபடி போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆறு மாதம் போனால் பதிவுத் தபால், 30 நாள் அவகாசம், நேரில் பேச வாய்ப்பு, கமிட்டியில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, பொதுக்குழுவில் மேல்முறையீடு. திரும்பி வந்தால் மறுபடி வகுப்பு, பரீட்சை என்று இழுக்க வேண்டாம். ஒரு கடிதம் போதும்.

இத்தனைக்கும் சாவியாக ஒரு வரி: "குறிப்பேட்டில் இரண்டு சந்திப்புகள் பதிவாகாத எவர் பெயரையும் நீக்கத் தீர்மானம் கொண்டுவரக் கூடாது." கடுமை என்று சொன்ன அந்த இரண்டு மூப்பர்களையே இதை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் வரைவில் தேடிப் பார்த்தேன், அங்கத்தினர் சபைக்குச் செய்ய வேண்டியவை பதினொன்று. சபை அங்கத்தினருக்குச் செய்ய வேண்டியது பூஜ்யம்.

வராமல் இருப்பதையும் பாவத்தில் விழுவதையும் ஒரே அத்தியாயத்தில் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். மத்தேயு 18 சொல்கிற மூன்று படிகள் (தனியே, பிறகு ஒருவர் இருவரோடு, பிறகு சபைக்கு) குற்றம் செய்தவருக்கு. மூட்டுவலிக்காரருக்கு அல்ல. ஒழுங்கு நடவடிக்கைக்கு வேறு அத்தியாயம் எழுதுங்கள். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து முடிவு வரும்வரை பட்டியலில் ஒரு பெயரும் ஏறவோ இறங்கவோ கூடாது. அதற்கு முன்னால் இரண்டு ஞாயிறு பலகையில் ஒட்டி ஆட்சேபம் கேளுங்கள்.

9-ஆம் விதி, தசமபாகம் கொடுக்காதவருக்கு வாக்கு இல்லை என்பது. எடுங்கள். பத்தில் ஒன்றா என்று பார்க்க சம்பளச் சீட்டு கேட்பீர்களா? தையல் கடையிலும் சித்தாள் வேலையிலும் இருப்பவருக்கு ஏது சீட்டு? ஏழைக்கும் எட்டுகிற மாதச் சந்தா ஒன்று வைத்து, நிலுவை என்றால் மூப்பர் தனியே கேட்கட்டும். பலகையில் பெயர் எழுதாதீர்கள்.

வர இயலாதோர் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு மறந்துபோனால் அதுவும் நீக்கியதுதான். மாதம் ஒரு முறை வீட்டுக்கே திருவிருந்து போக வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள். உங்கள் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகள் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோகும் வழக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும். போதகரும் இன்னொருவரும் போதும், எட்டுப் பேர் போய் அறையை நிரப்பாதீர்கள். அப்பத்தை அன்றைக்கே நறுக்கி எடுத்துப் போங்கள், முந்தின நாள் துண்டு காய்ந்து வயதானவர் தொண்டையில் நிற்கும். விழுங்கச் சிரமப்படுகிறவருக்குத் திராட்சை ரசத்தில் தோய்த்துக் கொடுங்கள். அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்று, சின்ன வாசிப்பு, ஜெபம். 20 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். கிளம்பும் முன் சபையில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். அவர்கள் காத்திருப்பது அதற்குத்தான்.

முதல் வீடு எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளத்தூருக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. வரைவையும் கையோடு எடுத்துப் போய் அப்பாவிடம் கொடுங்கள். கையெழுத்திட்ட ஏழு பேரில் ஒருவரிடம் கேட்காமல் விதியை மாற்ற உங்களுக்கு எப்படி மனசு வந்தது? வாடகை ஒப்பந்தம் முடிகிற தேதியையும் பார்த்துவையுங்கள். அடுத்த இடம் தரைத்தளமாக இருக்கட்டும். திமிர்வாதக்காரனைத் தூக்கி வந்த நாலு பேர் கூரையையே பிரித்தார்கள். நீங்கள் ஒரு கடைக்காரரிடம் கீழ்ப்பகுதி வாடகை என்ன என்று கேட்டால் போதும்.

மனைவி பொருளாளர் ஆவது: வேண்டாம். அவர் எவ்வளவு நேர்மையானவர் என்பது கேள்வியே இல்லை. காசோலையில் செயலாளரும் பொருளாளரும் போடும் இரண்டு கையெழுத்தும் ஒரே வீட்டிலிருந்து வந்தால் இரண்டு கையெழுத்து வைத்த காரணமே போய்விடுகிறது. ஒரே வீட்டார் இருவர் இந்த இரண்டு பதவிகளில் ஒரே காலத்தில் இருக்கக் கூடாது என்று விதியிலும் எழுதுங்கள். அவர் உதவ விரும்பினால் ஞாயிறு காணிக்கை எண்ணும் இருவரில் ஒருவராக இருக்கட்டும். மற்றவர் வேறு குடும்பத்தவராக இருக்க வேண்டும். எண்ணிய தொகையை அங்கேயே நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேஜையை விட்டு எழ வேண்டும்.