வரி வேறு, கட்டணம் வேறு: ஆன்லைன் பில் பற்றிய கேள்வி பதில்

ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பது என் தொழில். ஆன்லைனில் வாங்கியவர்கள் பில்லைக் காட்டி "இது சரிதானா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். வரி என்பது அரசு வைப்பது. டெலிவரி, பிளாட்ஃபார்ம், ஹேண்ட்லிங் என்று வருவதெல்லாம் நிறுவனம் வைப்பது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சார், எம்ஆர்பி 1,299 போட்ட சட்டையை ஆஃபரில் 799 ரூபாய்க்கு வாங்கினேன். பில்லில் ஐஜிஎஸ்டி 38.05 என்று தனியாக இருக்கிறது. விலையிலேயே வரி உண்டு என்கிறார்களே, இரண்டு தடவை வாங்கிவிட்டார்களா? (விருதுநகர்)

இல்லைங்க. அந்த வரிசையை முழுசாகப் பாருங்கள். சட்டையின் மதிப்பு 760.95, அதற்கு 5% வரி 38.05, கூட்டினால் 799. நீங்கள் கொடுத்த பணத்துக்குள் இருந்த வரியைத்தான் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. அதற்கு மேல் "ஜிஎஸ்டி தனி" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். டெலிவரி கட்டணம் மட்டும் இந்த விலைக்குள் அடங்காது. அதைத் தனியாக வாங்கலாம், ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பே காட்டியாக வேண்டும்.

எனக்கு ஐஜிஎஸ்டி என்று வரவில்லை, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாக வந்திருக்கிறதே? (சேலம்)

உங்களுக்கு விற்றவர் தமிழ்நாட்டிலேயே பதிவு செய்தவர். அதனால் மத்திய அரசுக்குப் பாதி (சிஜிஎஸ்டி), மாநிலத்துக்குப் பாதி (எஸ்ஜிஎஸ்டி). விருதுநகர்க்காரருக்கு விற்றவர் வெளிமாநிலம், அதனால் ஒரே வரியாக ஐஜிஎஸ்டி. மொத்த வரி இரண்டிலும் ஒன்றுதான்.

மேல்சட்டை ஒன்றுக்கு 5%, இன்னொன்றுக்கு 18% போட்டிருக்கிறார்கள். தப்பா சார்? (ஈரோடு)

தப்பில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், தைத்த ஆடையின் விற்பனை மதிப்பு ஒன்றுக்கு 2,500 ரூபாய் வரை இருந்தால் 5%, அதைத் தாண்டினால் 18%. வரி சேர்க்காத மதிப்பைத்தான் பார்ப்பார்கள், அதுவும் தள்ளுபடி கழித்த பிறகு. 2,500 மதிப்புள்ள சட்டை வரியோடு 2,625. மதிப்பு 2,600 என்றால் வரியோடு 3,068! நூறு ரூபாய் வித்தியாசம் 443 ரூபாயாக ஏறுகிறது. அந்த எல்லையை ஒட்டிய விலையில் வாங்கும்போது கூப்பன் இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பார்ப்பது நல்லது. புடவைக்கு இந்தக் கணக்கு இல்லை. அது தைக்காத துணி, விலை எவ்வளவானாலும் 5%தான்.

சாப்பாடு ஆர்டர் பண்ணினால்தான் எனக்குத் தலை சுற்றுகிறது. 300 ரூபாய் பிரியாணி எப்படி 390-ஐத் தாண்டுகிறது? (சென்னை)

ஒரு பில்லைப் பிரித்தே காட்டுகிறேன். பிரியாணி 300, பேக்கிங் 20. இந்த 320-க்கு உணவக வரி 5%, அதாவது 16. டெலிவரி 35 என்று வைத்துக்கொள்வோம், அதற்கு 18% வரி 6.30. பிளாட்ஃபார்ம் கட்டணம் 12, அதற்கும் 18%, 2.16. மொத்தம் 391.46.

இதில் அரசுக்குப் போவது 24.46 மட்டும். மீதி ஏறியது எல்லாம் கட்டணம். ஆனால் செயலியில் "வரிகள் மற்றும் கட்டணங்கள்" என்று ஒரே தலைப்பில் கட்டிப் போட்டிருப்பார்கள். பார்ப்பவர்கள் எல்லாம் வரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. அந்தத் தலைப்பைத் தொட்டால் விவரம் விரியும், தயவுசெய்து தொட்டுப் பாருங்கள். செயலி வழியாக வாங்கும் உணவுக்கான 5% வரியை, 2022 ஜனவரி 1 முதல் உணவகத்துக்குப் பதில் செயலி நிறுவனமே அரசுக்குக் கட்டுகிறது.

புத்தகத்துக்கு வரி இல்லை என்கிறார்கள். தபால் செலவுக்கு மட்டும் வரி வாங்கலாமா? (தஞ்சாவூர்)

அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பதிப்பகமே புத்தகத்தோடு சேர்த்து அனுப்பும் செலவையும் போட்டால், பொருளுக்கு என்ன வரியோ அதுதான் செலவுக்கும். ஆக அதற்கும் வரி இல்லை. ஆனால் இடையில் இருக்கும் செயலி தன் பேரில் தனி பில் போட்டுக் கட்டணம் வாங்கினால், அது வேறு சேவை, 18% வரும்.

அண்ணா, இன்ஸ்டாகிராமில் துணி விற்கும் ஒருவர் "பில் வேண்டுமென்றால் ஜிஎஸ்டி எக்ஸ்ட்ரா" என்கிறார். (மதுரை)

தம்பி, அப்படிச் சொல்வதே தவறு. பதிவு செய்தவர் என்றால் வரி சேர்ந்த விலையைச் சொல்லி பில் தர வேண்டும். பதிவு இல்லாதவர் வரி என்ற பேரில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்து 15 இருக்கும், முதல் இரண்டு எண்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது, இப்போது செல்லுமா என்று தெரிந்துவிடும். எண்ணைச் சொல்லத் தயங்குகிறவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐயில் போன் வாங்கினேன். வங்கி ஸ்டேட்மென்டில் மாதம் மாதம் ஜிஎஸ்டி வருகிறதே? (திருநெல்வேலி)

நோ காஸ்ட் இஎம்ஐ என்றால் வட்டிச் செலவு இல்லை என்று சொல்லித் தரும் தவணை. அதில் வட்டிக்குச் சமமான தொகையைக் கடை தள்ளுபடியாகத் தருகிறது. வங்கியோ வட்டியைப் போடத்தான் செய்கிறது, கிரெடிட் கார்டு வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. அது உங்கள் தலையில்தான் விழும்.

பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் நான் கேட்காத இன்சூரன்ஸும் நன்கொடையும் சேர்ந்திருந்தன. டேமேஜான பொருளைத் திருப்பியபோது டெலிவரி பணத்தையும் பிடித்துக்கொண்டார்கள். என்ன செய்வது? (கோவை)

கேட்காததைக் கூடையில் சேர்ப்பதையும், கட்டணத்தை மறைத்து வைத்துக் கடைசியில் நீட்டுவதையும் 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. 2020-ன் மின்வணிக விதிகளும் டெலிவரி, வரி எல்லாம் சேர்ந்த மொத்த விலையைப் பிரிவுகளோடு காட்டச் சொல்கின்றன. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கவும் முடியாது. மனசு மாறித் திருப்பினால் டெலிவரி கட்டணம் போவது அந்தக் கடையின் விதியைப் பொறுத்தது. பழுது அவர்கள் பக்கம் என்றால் முழுத் தொகையையும் கேளுங்கள்.

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பொருளின் படம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு அழையுங்கள்.