சென்னை ஆபீஸா, கோவில்பட்டி வீடா?

வணக்கம் அம்மா.

படிப்பு முடித்த கையோடு உங்கள் மகள் இரண்டு ஆஃபர் லெட்டர் வாங்கியிருக்கிறாள். முதலில் அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடுங்கள். ஒன்று சென்னை ஓ.எம்.ஆரில், வருடத்துக்கு 3.6 லட்சம், வாரம் ஐந்து நாளும் ஆபீஸுக்குப் போக வேண்டும். இன்னொன்று பெங்களூரில் ஒரு சிறிய நிறுவனம். 3 லட்சம், முழுக்க வீட்டிலிருந்தே வேலை. "கூடக் கிடைக்கிற அறுபதாயிரம் ஹாஸ்டலுக்கே போய்விடும். பிள்ளை கண் முன்னால் இருப்பாள். அவளும் வீட்டில் உட்கார்ந்தால்தான் வேலை ஓடும் என்கிறாள். அப்புறம் எதற்குச் சென்னை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பணக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. ஹாஸ்டல், சாப்பாடு, ஊருக்குப் போக வர என்று பார்த்தால் கையில் மிஞ்சுவது வீட்டு வேலையில்தான் அதிகம். இருந்தாலும் முதல் இரண்டு வருடத்துக்காவது சென்னைக்கு அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். அதற்குச் சில நிபந்தனைகள் இருக்கின்றன, அவை பிறகு வரும். இப்போது காரணம்.

எந்த இடம் பிடிக்கும் என்பது ஒரு கேள்வி. எந்த இடத்தில் வேலை நடக்கும் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில் என்றுதான் நாம் நினைக்கிறோம். சென்னையிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டேவிட் அட்கின், ஆன்டனெட் ஷோர், சுமித் ஷிண்டே என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். யார் வீட்டில் வேலை செய்வது, யார் ஆபீஸில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, உங்களுக்கு எது விருப்பம் என்றும் ஒவ்வொருவரிடமும் கேட்டு வைத்துக்கொண்டார்கள். ஆய்வு 2023-இல் வெளிவந்தது.

வீட்டில் இருந்தவர்களின் வேலை, ஆபீஸில் இருந்தவர்களைவிட 18 சதவீதம் குறைவாக இருந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. மீதி போகப் போகச் சேர்ந்தது. காரணம், ஆபீஸில் இருந்தவர்கள் வேலையைச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். வெறும் டேட்டா என்ட்ரியிலேயே கற்பதில் இவ்வளவு வித்தியாசம் என்றால், உங்கள் மகள் போகப்போகிற கோடிங் வேலையில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அடுத்த விஷயம். ஆபீஸ்தான் பிடிக்கும் என்று சொன்னவர்களை வீட்டில் உட்கார வைத்தபோது வேலை 13 சதவீதம் குறைந்தது. வீடுதான் பிடிக்கும் என்று சொன்னவர்களுக்கோ 27 சதவீதம் குறைந்தது! அவர்கள் சோம்பேறிகளா என்றால் அதுவும் இல்லை. ஆரம்பத்தில் வைத்த தேர்வில் வீட்டை விரும்பியவர்கள்தான் 12 சதவீதம் வேகமாகவும் பிழை குறைவாகவும் செய்திருந்தார்கள். திறமை இருக்கிறது, வீட்டில் அது வெளிவரவில்லை. இந்தப் புதிருக்கு ஒரு பகுதி விடையையும் ஆய்வே சொல்கிறது. கைக்குழந்தை, வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள், வசதிக் குறைவு என்று ஆபீஸுக்குப் போக முடியாத நிலையில் இருப்பவர்கள் பலர் வீட்டைக் கேட்டிருந்தார்கள். வேலைக்கு நடுவில் அவர்களை எழுப்பிவிட்டதும் அதே காரணங்களாக இருக்கலாம்.

வீட்டிலிருந்து வேலை செய்தால் எப்போதுமே குறையும் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷாங்காயில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் 2010–11-இல் நடந்த சோதனையில், வீட்டிலிருந்து பேசியவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூம் குழுவினர் நடத்தியது அது. வீட்டில் தனி அறை வேண்டும், பிராட்பேண்ட் வேண்டும், நிறுவனத்தில் ஏற்கெனவே ஆறு மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும் என்று அங்கே நிபந்தனை இருந்தது. அதாவது, வேலை தெரிந்தவர்கள், தனி அறையில், ஒரே மாதிரியான வேலையைச் செய்தார்கள். அப்படியும் சோதனை முடிந்து "இனி உங்கள் இஷ்டம்" என்றபோது பாதிக்கும் மேற்பட்டோர் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். தனிமை தாங்கவில்லை என்று ஆபீஸுக்கே திரும்பியவர்கள் பலர். இன்னொன்றும் உண்டு: வீட்டில் இருந்தவர்கள் அதே அளவு நன்றாக வேலை செய்தும் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. கண்ணில் படாதவர் மேலதிகாரியின் நினைவிலும் இல்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். இரண்டு அறை, முன்பக்கம் உங்கள் வீட்டுக்காரரின் கடை, உள்ளே படுக்கையில் மாமியார் என்று எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு மேஜை எங்கே போடுவீர்கள்? பதினொன்றரை மணிக்கு அவள் மீட்டிங்கில் இருக்கும்போது கேஸ் சிலிண்டர் வருகிறது. கடையில் சில்லறை இல்லை, "பாப்பா, ஒரு நிமிஷம்" என்று அப்பா கூப்பிடுகிறார். ஆச்சிக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு அத்தை வந்து, "வீட்லதானே இருக்கா, ரேஷன் கடை வரைக்கும் போயிட்டு வரட்டுமே" என்கிறார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் அவள் சும்மா இருக்கிறாள் என்றுதான் நம் ஊரில் கணக்கு. இதே வேலை மகனுக்குக் கிடைத்து அவன் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தால், கதவைச் சாத்திவிட்டு "தம்பி ஆபீஸ் வேலையில் இருக்கான்" என்று நீங்களே சொல்வீர்கள். கோபப்படாதீர்கள், பல வீடுகளில் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். காலை 9:30 முதல் மாலை 6 வரை அவள் வீட்டிலேயே உட்கார்ந்து ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடம் ஒன்றைப் படிக்கட்டும், புரோகிராம் எழுதிப் பழகட்டும். ஒவ்வொரு முறை அவளை யாராவது எழுப்பும்போதும், தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நீங்கள் ஒரு கோடு போடுங்கள். யார் கூப்பிட்டது, எதற்கு என்று ஒரு வார்த்தையும் எழுதி வையுங்கள். கரண்ட் போனாலும், நெட் போனாலும் அதையும் குறியுங்கள். பராமரிப்புப் பணி என்று மாதத்தில் ஒரு நாள் காலையில் எடுத்து மாலையில்தான் கொடுக்கிறார்களே, அந்த நாளுக்கு உங்கள் இன்வெர்ட்டர் தாங்குமா என்றும் பாருங்கள். வார முடிவில் அந்தத் தாள்களை வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். கோடுகள் குறைவாக இருந்தால் எனக்கும் ஒரு போட்டோ அனுப்புங்கள், என் ஆலோசனையை மாற்றிக்கொள்கிறேன்.

சரி, ஆபீஸ் என்றால் எல்லாம் நன்றாக இருக்குமா? இல்லை. தடுப்பே இல்லாத பெரிய ஹாலில் வரிசையாக உட்கார வைப்பார்கள். எல்லோரும் கலகலப்பாகப் பேசிக்கொள்வார்கள் என்றுதான் அப்படிக் கட்டுகிறார்கள். ஆனால் அப்படி மாறிய நிறுவனங்களை ஹார்வர்டின் ஈதன் பெர்ன்ஸ்டீன் 2018-இல் ஆராய்ந்தபோது, நேரில் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது. ஆளாளுக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெசேஜ் அனுப்பிக்கொள்கிறார்கள். ஏ.சி. குளிரையும் சொல்ல வேண்டும். ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.

இவ்வளவு குறை இருந்தும் ஆபீஸ் என்று நான் சொல்வது ஒரே காரணத்துக்காக: பக்கத்து நாற்காலி. புதிதாகச் சேர்ந்தவளுக்கு ஒரு எரர் வருகிறது. வீட்டில் இருந்தால், "இதைக் கேட்டால் நம்மை என்ன நினைப்பார்கள்" என்று யோசித்து யோசித்து, மெசேஜை டைப் செய்து, அழித்து, மறுபடி டைப் செய்து, அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்தே அரை நாள் போய்விடும். பக்கத்தில் சீனியர் இருந்தால் திரும்பி "அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றால் முடிந்தது. அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை நடாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பாலைஸ் மூவரும் ஆராய்ந்தார்கள். டீமோடு ஒரே கட்டடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு, அவர்கள் எழுதிய புரோகிராமைப் பற்றிக் கூடுதலான கருத்துகள் கிடைத்தன. அதிக லாபம் அடைந்தவர்கள் இளையவர்கள், அதிலும் பெண்கள். நஷ்டம் சீனியர்களுக்கு, சொல்லிக் கொடுப்பதில் அவர்களுடைய சொந்த வேலை குறைந்தது. அனுபவசாலிகள் "வீடே போதும்" என்று சொல்வதில் ஆச்சரியம் இல்லை. அவர்கள் கற்று முடித்தவர்கள். பத்து வருட அனுபவம் உள்ள உங்கள் அக்கா மகன் பெங்களூர் வேலையை வீட்டிலிருந்தே ஜோராகப் பார்க்கிறான் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அவனோடு இவளை ஒப்பிட வேண்டாம்.

இப்போது நிபந்தனைகள். இதில் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். சென்னை நிறுவனத்தின் எச்.ஆரிடம் முதலில் கேட்க வேண்டியது: "என் டீம் லீட் எந்த ஊர் ஆபீஸில் இருப்பார்?" டீம் முழுக்க புனேயிலோ ஹைதராபாத்திலோ இருந்தால், உங்கள் மகள் சோழிங்கநல்லூரில் உட்கார்ந்து ஹெட்போனில்தான் பேசப்போகிறாள். பக்கத்து நாற்காலியே இல்லை. அப்படியென்றால் நான் மேலே சொன்னதெல்லாம் அடிபட்டுப் போகும், வீட்டு வேலையையே எடுக்கலாம். இரண்டாவது, ஷிப்ட் என்ன, இரவு ஷிப்ட் என்றால் ஹாஸ்டல் வாசல் வரை கேப் வருமா? மூன்றாவது, இத்தனை வருடம் வேலையை விட மாட்டேன் என்று எழுதி வாங்கும் பாண்டு உண்டா, எத்தனை வருடம்? ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டால் கொடுக்கவே கூடாது. சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும்.

பெங்களூர் நிறுவனத்தையும் விசாரியுங்கள். பி.எஃப். பிடிப்பார்களா, லேப்டாப் அவர்கள் கொடுப்பார்களா, தினமும் வேலை சொல்லித்தர ஒருவர் இருப்பாரா? லேப்டாப்புக்கு டெபாசிட், டிரெயினிங் கட்டணம் என்று ஒரு ரூபாய் கேட்டாலும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அம்பத்தூரில் சித்தி வீடு இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்வாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அங்கிருந்து ஓ.எம்.ஆருக்குப் போய் வரவே தினமும் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். ஆபீஸால் கிடைக்கும் லாபம் முழுவதையும் அந்தப் பயணமே தின்றுவிடும். ஆபீஸுக்கு அரை மணி நேரத்துக்குள் ஹாஸ்டல் பாருங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசே நடத்தும் தோழி விடுதிகள் தாம்பரம், அடையாறு போன்ற இடங்களில் இருக்கின்றன, அவற்றில் இடம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். சித்தி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போகட்டும். ஊருக்கு வர நினைத்தால் வெள்ளிக்கிழமை இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. 60 நாளுக்கு முன்பே டிக்கெட் போடப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"ஒருமுறை போனால் அங்கேயே இருந்துவிடுவாளோ" என்ற பயமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. இரண்டு வருட அனுபவம் கையில் இருந்தால் ஊர்ப்பக்கம் திரும்ப வழி இருக்கிறது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2011 முதல் இயங்குகிறது. தூத்துக்குடியில் ஐ.டி. நிறுவனங்களுக்கான டைடல் நியோ பூங்கா வந்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் ஆபீஸ் என்ற ஏற்பாடும் நிறைய இடங்களில் உண்டு. அதே சிட்ரிப் நிறுவனத்தில் 1,600-க்கும் மேற்பட்டவர்களிடம் இந்த ஏற்பாட்டைச் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலையின் தரமும் பதவி உயர்வும் குறையவில்லை, வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பிற்பாடு அவள் தேட வேண்டியது இந்த மாதிரி வேலையைத்தான்.

அதே சமயம், எந்த நிறுவனம் இன்று சொல்லும் விதியையும் நம்பி வாழ்க்கையைத் திட்டமிட வேண்டாம். 2025-க்குள் ஒரு நேரத்தில் 25 சதவீத ஊழியர் ஆபீஸில் இருந்தால் போதும் என்று டி.சி.எஸ். 2020-இல் அறிவித்தது. 2023-இல் வாரம் ஐந்து நாளும் வாருங்கள் என்று அழைத்துவிட்டது. பெங்களூர் நிறுவனமும் ஒரு நாள் கிளம்பி வா என்று சொல்லலாம்.

இன்னும் ஒன்று. வீட்டில்தான் வேலை ஓடும் என்று மகள் ஏன் சொல்கிறாள் என்று தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள், அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. கல்லூரியில் இரவு அறையில் தனியாகப் படித்தே மார்க் வாங்கிய பிள்ளை என்றால், அது அவள் இயல்பு, மதிக்க வேண்டியதுதான். சென்னையில் இங்கிலீஷில் பேச வேண்டுமே என்ற பயமாகவும் இருக்கலாம். "நான் போய்விட்டால் ஆச்சியை அம்மா ஒற்றை ஆளாக எப்படிப் பார்ப்பாள்" என்பதாகவும் இருக்கலாம். கடைசிக் காரணம் என்றால், அதற்கு வழி பார்க்க வேண்டியது நீங்களும் வீட்டுக்காரரும். பகலில் வந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வைத்தால் என்ன செலவாகும் என்று கணக்குப் போடுங்கள்.

ஆஃபருக்குப் பதில் சொல்ல இன்னும் பத்து நாள் இருக்கிறது என்கிறீர்கள். காலண்டர் சோதனைக்கு ஒரு வாரம் போகும். எச்.ஆருக்குக் கேள்விகளை மெயிலில் திங்கட்கிழமையே அனுப்பிவிடுங்கள். அதை நீங்களோ வீட்டுக்காரரோ எழுத வேண்டாம், அவளே எழுதட்டும். என்ன பதில் வந்தது என்று எனக்குச் சொல்லுங்கள். முக்கியமாக, அந்த டீம் லீட் எந்த ஊரில் இருக்கிறார் என்று.