ஸ்டில் எம்.எஸ். 250, ஹஸ்க்வர்னா 445: இரண்டில் எது வேகமாக அறுக்கும்?

ஏறத்தாழ ஒரே சிசி உள்ள இந்த இரண்டு செயின் ரம்பங்களில் எது வேகமாக அறுக்கும், எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்விக்கு ஒரு காலத்தில் நான் யோசிக்காமல் பதில் சொல்லி, என் தங்கையின் கணவரை நாலு பேர் நடுவில் தலைகுனிய வைத்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வியாசர்பாடியில் மரம் அறுக்கும் வேலையைக் கூலிக்கு எடுத்துச் செய்பவன் நான். விழுந்த மரம், சுவரில் சாய்ந்த கிளை, காசிமேட்டில் பிரித்துப்போடும் பழைய மரப்படகின் கட்டை என எல்லாவற்றையும் அறுத்திருக்கிறேன். எந்த நிறுவனத்துக்கும் நான் முகவர் அல்லன். இயந்திரவியல் படித்தவனும் அல்லன். ஆகவே ஆய்வுக்கூடக் கணக்கு கேட்பவர்கள் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

காகிதத்தில் பார்த்தால் 250-க்கு 45.4 சிசி, 2.3 கிலோவாட். 445-க்கு 45.7 சிசி, 2.1 கிலோவாட். இந்தச் சிறிய வித்தியாசத்தை வைத்து 250 தான் வேகம் என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். நானும் அவர்களில் ஒருவனாகத்தான் இருந்தேன்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. எங்கள் தெருவை அடைத்துக்கொண்டு ஒரு தூங்குமூஞ்சி மரம் கிடந்தது. என்னிடம் 250, மாப்பிள்ளையிடம் 445. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அறுத்தோம். என் ரம்பம் மரத்தில் வைத்ததும் இறங்கியது. அவருடையதோ அழுத்தினால்தான் நகர்ந்தது, அதுவும் புகை கிளம்ப. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தெருவே கேட்கும்படி, "காசைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கீங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. அடுத்த இரண்டு மாதம் என் வீட்டுப் பக்கமே வரவில்லை.

பொங்கல் கழிந்த பிறகு, வீட்டில் கிடந்த அந்த 445-ஐத் தூக்கிப் பார்த்தவர் என் அப்பா. மரவாடியில் கை ரம்பம் இழுத்தே வாழ்நாளைக் கழித்தவர், பெட்ரோல் ரம்பத்தைத் தொட்டு வேலை செய்ததே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு செயினை ஒவ்வொரு பல்லாகத் தடவி வந்தவர் ஓரிடத்தில் விரலை நிறுத்தி, "பல்லுக்கு முன்னாடி இருக்கிற மேடு பல்லோட சமமா நிக்குதுடா, அப்புறம் அது எப்படி மரத்தைக் கடிக்கும்?" என்றார்.

செயினின் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சிறிய மேடு ஒன்று உண்டு. பல் எவ்வளவு ஆழம் மரத்துக்குள் இறங்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல்லின் மேற்பரப்பு பின்னோக்கிச் சரிந்திருப்பதால், அரம் போடப் போட அதன் உயரம் குறைந்துகொண்டே வரும். அந்த மேட்டையும் தட்டை அரத்தால் அதற்கேற்பக் குறைக்காவிட்டால், பல் எத்தனை கூர்மையாக இருந்தாலும் மரத்தை வருடிக்கொண்டுதான் ஓடும். மாப்பிள்ளை பல்லுக்கு ஒழுங்காக அரம் போட்டிருந்தார். மேட்டை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, ரம்பத்தை விற்ற கடைக்காரர் உட்பட.

இரண்டு ரம்பங்களுக்கும் செயின் அளவு, அதாவது கண்ணிகளின் இடைவெளிக் கணக்கு, .325 அங்குலம்தான். ஆனால் எங்களிடம் இருந்தவற்றில், பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின்) பள்ளத்துக்குள் ஓடும் கண்ணியின் தடிமன் வேறு என்பதால் ஒன்றின் செயினை மற்றதில் மாட்டிப் பார்க்க முடியவில்லை. ஆகவே இரண்டுக்கும் 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரத்தால் 30 டிகிரியில் பல் தீட்டி, மேடு பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்குமாறு அளவுத் தகடு வைத்துக் குறைத்தோம். பெட்ரோலையும் ஒரே கேனிலிருந்து, லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய் கலந்து ஊற்றினோம். பிறகு ஓரடி விட்டமுள்ள ஒரே வேப்பங்கட்டையில் அடுத்தடுத்து மும்மூன்று வெட்டு. என்னுடையது சராசரியாக 14 விநாடி, அவருடையது 15. முன்பு தூளாகக் கொட்டிய அவருடைய ரம்பத்திலிருந்து, கொப்பரைத் துருவல்போல நீளச் சீவல்கள் வந்து விழுந்தன. அன்று மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இணையத்தில் வரும் ஒப்பீட்டுக் காணொளிகள் மேல் எனக்குள்ள வருத்தமும் இதுதான். பார் 16 அங்குலமா 18 அங்குலமா, பல்லின் மூலை கூரா மழுக்கலா, செயின் புதிதா பழையதா என எதையும் சொல்லாமல் விநாடிக் கணக்கை மட்டும் காட்டுகிறார்கள். மூலை கூராக உள்ள பல் சுத்தமான மரத்தில் வேகமாக ஓடும், மண்ணும் மணலும் ஒட்டிய மரத்தில் சீக்கிரம் மழுங்கிவிடும். மூலை மழுக்கலான பல் சற்றே மெதுவாக அறுத்தாலும் நெடுநேரம் தாங்கும். வடசென்னைத் தெருமரங்களுக்கு நான் இரண்டாவதைத்தான் மாட்டுகிறேன்.

தெருமரம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாடகைக்கு வீடு, டியூஷன், பைல்ஸ் வைத்தியம் என்று பலகை அடிக்க மரத்தில் ஆணி இறக்குகிறார்கள். பலகை போன பிறகும் ஆணி உள்ளேயே இருக்க, அதன்மேல் பட்டை மூடிக்கொள்கிறது. போன மாதம் ஒரு வேம்பில் தீப்பொறி பறந்து ரம்பத்தை நிறுத்தினேன். கட்டையைப் பிளந்தபோது, விரல் நீள ஆணியைச் சுற்றி மரம் மைக்கறையாகக் கறுத்திருந்தது. புதுச் செயினில் பதினொரு பல் போயிற்று. மரத்துக்கும் கேடு, அறுக்கிறவன் உயிருக்கும் ஆபத்து. தயவுசெய்து ஆணி அடிக்காதீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் தோப்புக்கோ சொந்த வீட்டுக்கோ வாங்குகிறவராக இருந்தால், இந்த இரண்டுக்கும் இடையே வெட்டும் வேகத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை. 250 எடை குறைவு, கிளை அறுக்க வசதி. 445-இல் கைக்கு ஏறும் அதிர்வு குறைவு, நாள் முழுக்கப் பிடிப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எதற்கு உதிரிபாகம் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். பில் போடும்போதே உருண்டை அரம், தட்டை அரம், அளவுத் தகடு மூன்றையும் கேட்டு வாங்கி, மேட்டைக் குறைப்பது எப்படி என்று கடையிலேயே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.