அரிசியை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் களி சாப்பிட்டால் சர்க்கரை இறங்குமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு 46 வயது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. சமீபத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 7.9 என்று வந்திருக்கிறது. டாக்டர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை எழுதிக் கொடுத்து, "சாப்பாட்டுல கட்டுப்பாடு வேணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு யோசனை. அரிசியே வேண்டாம், மூன்று வேளையும் கேழ்வரகுக் களி போடு என்கிறார் மாமியார். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை வாங்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மல்லாட்டையில் (வேர்க்கடலை) கொலஸ்ட்ரால், முட்டை மஞ்சள் கரு ஆகாது, மாம்பழத்தைத் தொடவே கூடாது என்று வாட்ஸ்அப்பில் வேறு வருகிறது. சிறுதானியம் சாப்பிட்டால் சர்க்கரை நோயே ஓடிவிடும் என்று ஒரு வீடியோ பார்த்துவிட்டு, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கணவர் கேட்கிறாராம். "எதை நம்புவது, நாளைக்கு என்ன சமைப்பது?" என்பது வாசகியின் கேள்வி.

முதலில் மாத்திரை. தயவுசெய்து நிறுத்த விடாதீர்கள் அம்மா. எச்பிஏ1சி 6.5-ஐத் தொட்டுவிட்டாலே சர்க்கரை நோய் என்றுதான் கணக்கு. 7.9 என்பது பயந்து ஒடுங்கிவிட வேண்டிய எண் அல்ல, கண்டுகொள்ளாமல் விடக்கூடிய எண்ணும் அல்ல. சாப்பாடு சீராகி, எடை குறைந்து, சர்க்கரையும் இறங்கினால் மாத்திரையின் அளவைக் குறைக்கலாம். சிலருக்கு நிறுத்தவும் முடிகிறது. ஆனால் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு அது. சர்க்கரை ஏறியிருப்பது உடம்புக்குத் தெரியாது, வலிக்காது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் கால் நரம்பிலும் அது வேலையைக் காட்டும்போதுதான் தெரியவரும். அப்போது களியும் உதவாது, கசாயமும் உதவாது.

சரி, களிக்கு வருவோம்.

கேழ்வரகு நல்ல தானியம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம்கூடத் தேறாது. நார்ச்சத்தும் அப்படித்தான்: கேழ்வரகில் சுமார் 11 கிராம், வெள்ளை அரிசியில் மூன்றுக்கும் குறைவு. மாமியார் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் சர்க்கரையை ஏற்றுவது மாவுச்சத்து. அது அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 78 கிராம், கேழ்வரகில் சுமார் 70. பெரிய வித்தியாசம் இல்லை, பாருங்கள்.

இன்னொன்றை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. நம் வட ஆற்காட்டுப் பக்கம் களி வெறும் கேழ்வரகில் ஆவதில்லை. நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, அதன்மேல் மாவைக் குவியலாகக் கொட்டி, மூடி வைத்து, மாவு வெந்ததும் துடுப்பால் கட்டி விழாமல் கிண்டி இறக்குகிறோம். நொய் எவ்வளவு, மாவு எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆக, அரிசியை விட்டுவிட்டேன் என்று களிக்கு மாறியவர் வயிற்றுக்குள் அரிசியும் சேர்ந்தேதான் போகிறது. அதுவும் நன்றாகக் குழைந்த அரிசி, நைஸாக அரைத்துச் சலித்த மாவு. இரண்டுமே சீக்கிரம் செரித்துச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றக்கூடியவை. களியை மென்று சாப்பிடுவதும் நம் வழக்கம் இல்லை. குழம்பில் புரட்டி அப்படியே விழுங்கிவிடுவோம். பெரிய உருண்டை ஒன்று பிடித்தால் மாவும் நொய்யுமாக 100 கிராம் சாதாரணமாக உள்ளே போய்விடும், இரண்டு உருண்டை என்றால் 200. தாத்தா இரண்டு உருண்டை சாப்பிட்டுவிட்டு கழனிக்குப் போனார், பொழுதுக்கும் ஏர் ஓட்டினார். உங்கள் கணவர் கம்பெனி பஸ்ஸில் போய், எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டு வருகிறார். தாத்தாவுக்குச் சரியாக இருந்த அளவு இவருக்கு எப்படிச் சரியாக இருக்கும்?

களி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வேளைக்குப் போடுங்கள். நொய்யைப் பாதியாகக் குறையுங்கள், மாவைச் சலிக்காமல் போடுங்கள், உருண்டையை ஒரு கைக்குள் அடங்குகிற மாதிரி பிடியுங்கள். கூடவே முருங்கைக்கீரைக் குழம்போ, காராமணிக் குழம்போ நிறைய ஊற்றுங்கள். கருவாட்டுக் குழம்பு ருசிதான். ஆனால் கருவாட்டில் உப்பு அதிகம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக் கொதிப்பும் இருந்தால் கருவாட்டை எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள். ராகி மால்ட் பாக்கெட், ராகி பிஸ்கட் பக்கம் போக வேண்டாம். பாக்கெட்டின் பின்னால் பொருட்களை எடை வரிசையில்தான் அச்சிட வேண்டும், எது அதிகமோ அது முதலில். படித்துப் பாருங்கள்; பல பிஸ்கட்டுகளில் மைதாவும் சர்க்கரையும்தான் முன்னால் நிற்கும்.

அரிசியையும் அடியோடு விலக்க வேண்டியதில்லை. புழுங்கலரிசியாக வாங்குங்கள். நெல்லை வேகவைத்துக் காயவைக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பங்கு உள்ளே இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் அதில் கொஞ்சம் சத்து மிஞ்சுகிறது. பச்சரிசியைத் தீட்டியே தின்றவர்களுக்குப் பெரிபெரி நோய் வந்தது இந்தச் சத்து போனதால்தான். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 1918-ல் நம் குன்னூரில் பெரிபெரி ஆராய்ச்சிக்காக ஆரம்பித்ததுதான். ஆனால் ஒன்று, புழுங்கல் என்பதற்காகத் தட்டு நிறையப் போட்டுவிட முடியாது. 100 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 300 கிராம் சோறு ஆகும். உங்கள் வீட்டில் ஒருவருக்கு எவ்வளவு அரிசி போடுகிறீர்கள் என்று ஒரு நாள் அளந்து பாருங்கள். இதற்காகத் தராசு வாங்க வேண்டாம், எப்போதும் புழங்குகிற ஆழாக்கோ டம்ளரோ போதும். இப்போது போடுவதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து ஆரம்பியுங்கள்.

குறைத்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான் பெரிய விஷயம். அங்கேதான் முக்கால்வாசிப் பேருடைய கட்டுப்பாடு உடைந்துபோகிறது. பசி தாங்காமல் மாலையில் பன்னும் போண்டாவும் உள்ளே போகும். கணவர் கொண்டுபோகிற டிபன் கேரியரைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் இரண்டு அடுக்கில் சோறு, ஒன்றில் குழம்பு, மேல் அடுக்கில் கைப்பிடிப் பொரியல் இருக்கும். இதை மாற்றுங்கள். ஒரு அடுக்கில் சோறு, ஒரு அடுக்கு நிறையக் காய். ஒன்றில் கெட்டிப் பருப்போ, கொள்ளுச் சுண்டலோ, மொச்சைக் குழம்போ. மேலே தயிர், அல்லது ஒரு அவித்த முட்டை. காயையும் சுண்டலையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வரச் சொல்லுங்கள். இந்த வரிசையில் சாப்பிட்டால் அதே அளவு சோற்றுக்கும் சர்க்கரை குறைவாக ஏறுகிறது என்று ஆராய்ச்சிகளில் தெரிந்திருக்கிறது. காசும் செலவாவதில்லை. காய்க்கு வெளியூர்ச் சரக்கைத் தேட வேண்டாம். புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் நம் வேலூர் மாவட்டத்திலேயே விளைகிறது. அவரை, புடலை, சுரைக்காய், எந்தக் கீரையும் சரி. உருளையும் சேப்பங்கிழங்கும் காய்க்கணக்கில் வராது, அவற்றைச் சோற்றுக்கணக்கில் சேருங்கள்.

புரதம் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் வீடுகளில் இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அளவு. 65 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 54 கிராம். ரசம் சோறும் ஊறுகாயும் அதைத் தராது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு கைப்பிடி மல்லாட்டையில் 7 கிராம் கிடைக்கும். சிறுநீரகத்தில் கோளாறு இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

மல்லாட்டையில் கொலஸ்ட்ரால் என்பது சுத்தப் பொய். எந்தச் செடியிலும் கொட்டையிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, அது விலங்குகளிடமிருந்து வருவது. எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் அளவு வேண்டும், அவ்வளவுதான்: ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி, அவித்தோ வறுத்தோ. பூசணம் பிடித்தது, கசப்பது, கறுத்தது எதுவாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. செக்கு எண்ணெயும் எண்ணெய்தான், ஒரு ஸ்பூனுக்கு உண்டான கலோரி மாறாது. முட்டையை மஞ்சள் கருவோடு ஒன்று சாப்பிடலாம். ராத்திரியில் தயிர் கூடாது, கீரை கூடாது என்பதற்கும் ஊட்டச்சத்துக் கணக்கில் ஆதாரம் இல்லை, ஒத்துக்கொண்டால் சாப்பிடட்டும்.

நாட்டுச் சர்க்கரை விஷயத்தில் பக்கத்து வீட்டு அக்கா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அது தவறு. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். வெல்லத்தில் இரும்புச்சத்து என்பார்கள். 5 கிராம் ஸ்பூனில் கால் மில்லிகிராம்கூட வராது. ஆணுக்கு ஒரு நாள் தேவை 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29. அதை வெல்லத்தில் பிடிக்கப் பார்த்தால் சர்க்கரை எங்கே போய் நிற்கும்? கணவர் கம்பெனியில் எத்தனை டீ குடிக்கிறார் என்று கேளுங்கள். நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை. சாப்பாட்டில் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று சொல்லப்படுவது நோய் இல்லாதவர்களுக்கே. டீயை இரண்டாக்கி, வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும்.

மாம்பழம்? சாப்பிடலாம். 100 கிராம் சதையில் சுமார் 15 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும் இருக்கும். அரைப் பழம், தோலோடு கடித்து, மாலையில், வேறு எதுவும் கூட இல்லாமல். சோறு தின்ற கையோடு வேண்டாம். ஜூஸாக எப்போதும் வேண்டாம். மூன்று பழத்தின் சர்க்கரை ஒரே மூச்சில் இறங்கிவிடும். வெயிலுக்கு நீர்மோர் இருக்கிறது.

ஆம்பூரில் வேலை பார்ப்பவரை பிரியாணி சாப்பிடாதே என்று சொன்னால் அது நடக்காது, சொல்லவும் தேவையில்லை. மாதத்துக்கு ஒருமுறை, அரை பிளேட், கறித்துண்டும் வெங்காயப் பச்சடியும் கூடுதலாக. கத்திரிக்காய்த் தொக்கு தாராளமாகத் தொட்டுக்கொள்ளட்டும், மேலே மிதக்கும் எண்ணெயை விட்டுவிட்டு. கூல் டிரிங்ஸ் கூடாது. சாப்பிட்டு முடித்ததும் கால் மணி நேரம் நடந்தாக வேண்டும். இந்த நடை பிரியாணிக்கு மட்டும் இல்லை, எல்லா வேளைச் சாப்பாட்டுக்கும் பொருந்தும்.

பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான் பொடி என்று யாராவது கொடுத்தால், மாத்திரையோடு சேர்த்துத் தானாக ஆரம்பிக்க வேண்டாம். சில சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை மட்டுமீறி இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று ஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து கொடுங்கள். அந்த நேரத்தில் சர்க்கரையே மருந்து. பாகற்காயைப் பொரியலாக எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள்.

அப்புறம், வீட்டுச் சண்டையைத் தீர்க்க ஒரு வழி. ஒரு குளுக்கோமீட்டர் வாங்குங்கள். ஒரு நாள் மதியம், வழக்கமாகப் போடும் களி. சாப்பிடுவதற்கு முன் ஒருமுறை, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். இன்னொரு நாள், அளந்த சோறும் காயும் சுண்டலும் வைத்து அதேபோலப் பாருங்கள். நான்கு எண்களையும் ஒரு நோட்டில் எழுதி மாமியாரிடம் காட்டுங்கள். முன்னது 80-லிருந்து 130-க்குள், பின்னது 180-க்குள் இருப்பது பொதுவான இலக்கு. கணவர் உடம்புக்கு எது ஒத்துப்போகிறது என்று அந்த நோட்டே சொல்லிவிடும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதைக் கையில் கொண்டுபோங்கள். கூடவே சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனையும் கண் பரிசோதனையும் ஆகிவிட்டதா என்று கேளுங்கள். மெட்ஃபார்மின் நீண்ட நாள் எடுத்தால் பி12 குறையக்கூடும், அதையும் ஒரு நாள் பார்க்கச் சொல்லுங்கள். எச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால் அதற்கு முன்னால் முழுப் பலன் தெரியாது.

நாளைக்கு என்ன சமைப்பது என்று கேட்டிருந்தீர்கள். காலையில் இரண்டு தோசை, வெங்காயமும் மல்லாட்டையும் சேர்த்து அரைத்த சட்னி, ஒரு முட்டை. மதியம் மேலே சொன்ன கேரியர், தயிரோடு. மாலையில் அவித்த காராமணி. ராத்திரி சின்ன உருண்டைக் களியும் முருங்கைக்கீரைக் குழம்பும், எட்டு மணிக்குள். அவருக்கென்று தனி அடுப்பு மூட்ட வேண்டாம். நீங்களும் மாமியாரும் பிள்ளைகளும் இதையே சாப்பிடுங்கள். ஓடியாடும் பிள்ளைகளுக்கு மட்டும் சோறோ களியோ ஒரு கரண்டி கூடுதலாக வையுங்கள்.