ஆறாம் வகுப்புப் பையனைச் சைக்கிளில் அனுப்பலாமா? கானாடுகாத்தான் அம்மாவுக்கு

பையன் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போவேன் என்று அடம் பிடிக்கிறான், மெயின் ரோட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் வழியை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

நம் செட்டிநாட்டு ஊர்த் தெருக்கள் கட்டம் போட்டதுபோல் நேராக ஓடுவதால் உள்வழி கிடைத்துவிடும். என் கவலை தெருமுக்குகள்தான். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக வீடுகள் நீள்வதால், உயரமான மதில் முக்கு வரை வந்து மறைக்கிறது. குறுக்கே வரும் பைக் கடைசி நொடிவரை தெரியாது. ஒவ்வொரு முக்கிலும் காலை ஊன்றி நின்று, இரண்டு பக்கமும் பார்த்த பிறகே நகரப் பழக்குங்கள். மெயின் ரோட்டை இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடக்க வேண்டும். எதிரே வரும் லாரியின் வேகத்தைக் கணிப்பது இந்த வயதில் கடினம்.

அப்புறம், வளர்ந்துவிடுவான் என்று பெரிய சைக்கிள் வாங்காதீர்கள். சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்ட வேண்டும். ஹெல்மெட் கட்டாயம். பையை ஹேண்டில்பாரில் மாட்டாமல் கேரியரில் கட்டிவிடுங்கள்.

முதல் வாரம் கூடவே போங்கள், அதுவும் பள்ளி நேரத்திலேயே. ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடிய தெருவில் ஓட்டிப் பார்ப்பது போதாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதே பள்ளி என்றால் சேர்ந்தே போகட்டும், ஒருவர் பின் ஒருவராக.