வீட்டை அடமானம் வெச்சு லண்டன் போகணுமா?

கேள்வி: அக்கா, எம்.ஏ. பொலிட்டிக்கல் சயின்ஸ் முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு. ஐ.நா. மாதிரி அமைப்புல மனிதாபிமான உதவி, வளர்ச்சிக் கொள்கை சைடுல வேலை பாக்கணும்னு ஆசை. லண்டன்ல அதுக்கான மாஸ்டர்ஸ் சீட் கிடைச்சிருக்கு, செலவு 35 லட்சம் கிட்ட வருது. வீட்டை அடமானம் வெச்சு லோன் வாங்கித் தர்றேங்கறார் அப்பா. அம்மா குரூப் 1 எழுதுங்கறாங்க. என்ன பண்ணட்டும்?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: தங்கச்சி, வீட்டுப் பத்திரம் பீரோவுலயே இருக்கட்டும். படிக்க வேணாம்னு சொல்லல, இந்த வருஷம் இவ்ளோ கடனோட வேணாம்னு சொல்றேன்.

இந்த ஃபீல்டு இப்ப அடிவாங்கிக் கிடக்கு. 2025 ஜனவரி 20, டிரம்ப் பதவியேத்த அன்னிக்கே வெளிநாட்டு உதவிய நிறுத்தி வெக்கச் சொல்லி கையெழுத்துப் போட்டார், ஜூலை 1க்குள்ள அமெரிக்காவோட வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்டையே இழுத்து மூடி மிச்சமீதிய வெளியுறவுத் துறைல சேத்துட்டாங்க. நீ போகப்போற பிரிட்டனும் தேசிய வருமானத்துல 0.5 சதவீதம் குடுத்துட்டிருந்தத 2027ல 0.3க்கு இறக்கறோம்னு அறிவிச்சாச்சு. ஐ.நா.வோட மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகத்துலயே 20 சதவீதம் ஆள் குறைப்புன்னாங்க. அதனால பத்து வருஷம் ஃபீல்டுல இருந்து வேலை போனவங்களும் இப்ப நீ அப்ளை பண்ற அதே ஜூனியர் போஸ்டுக்கு அப்ளை பண்ணிட்டிருக்காங்க. வெளிநாட்டுக்கு ஆள் சேக்கற கன்சல்டன்சிக்காரங்க இத வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கு கமிஷன்.

ஐ.நா.வுக்குள்ள போற வழிகளையும் பாத்துடுவோம். ஜேபிஓன்னு எல்லாரும் சொல்ற ஜூனியர் ஆபீசர் போஸ்டு, பணம் குடுக்கற நாடுகள் பெரும்பாலும் தன் நாட்டுப் பிள்ளைகளுக்கு வெச்சிருக்கறது, அத நம்பி உக்காராத. ஒய்பிபின்னு ஐ.நா. இளைஞர்களுக்கு வெக்கற எக்ஸாமுக்கு 32 வயசு வரைக்கும் டைம் இருக்கு, ஆனா எந்தெந்த நாட்டுக்காரங்க எழுதலாம்னு லிஸ்ட் வருஷா வருஷம் மாறும், இந்தியா இருந்தா எழுதிடு. ஐ.நா. செயலகத்துல இன்டர்ன்ஷிப்புக்கு சம்பளமே கிடையாது, ஜெனீவா வாடகைய யார் குடுக்கறது? யுனிசெஃப், ஐஎல்ஓங்கற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மாதிரி இடங்கள்ல ஸ்டைபண்டு உண்டு. உனக்கு இப்ப தோதானது ஐ.நா. தன்னார்வலர் திட்டம், யூஎன்வி. இந்தியாவுக்குள்ளயே போஸ்டிங் வரும், மாசாமாசம் அலவன்ஸ் தருவாங்க. இன்னிக்கே அதுல ப்ரொஃபைல் போட்டு வை.

பாலிசி பாலிசிங்கறியே, அது ஏசி ரூம்ல உக்காந்து ரிப்போர்ட் எழுதறதுன்னு நெனச்சுக்கிட்டு வர்றவங்க நெறய. ஸ்ஃபியர் கையேடுன்னு ஒண்ணு இருக்கு, நிவாரண முகாம் எப்படி இருக்கணும்னு உலகம் பூரா அத வெச்சுத்தான் பேசுவாங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 15 லிட்டர் தண்ணி, 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆம்பளைங்களுக்கு ஒண்ணுன்னா பொம்பளைங்களுக்கு மூணு. 15 லிட்டருங்கறது நம்ம பிளாஸ்டிக் குடம் ஒண்ணு, அவ்ளோதான். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாத்துக்கும். காலைல ஒரு மணி நேரம்தான் மோட்டார் ஓடுதுன்னா அந்தக் குடம் யாருக்கு ரொம்புது, கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு லைன்ல நிக்க முடியாதவ என்ன பண்றா, கணக்குல மூணு கழிப்பறை இருந்தும் தாழ்ப்பாளும் லைட்டும் இல்லாததால ராத்திரி ஏன் ஒருத்தியும் போறதில்ல, இதெல்லாம் நேர்ல பாத்தவ எழுதற ரெண்டு பக்க நோட்டும் பாக்காதவ எழுதறதும் மொத பாராவுலயே தெரிஞ்சிடும். 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்துல தார் ஷீட்டு வெச்சு தற்காலிக வீடு கட்டினாங்க, வெயில்ல உள்ள உக்கார முடியாம சனங்க தவிச்சாங்க. அந்த ஷீட்ட தேர்ந்தெடுத்தவங்களும் ஆபீஸ்ல உக்காந்து ஒரு பாலிசி முடிவு எடுத்தவங்கதான்.

உனக்கு இதெல்லாம் பாக்க சூடானுக்கே போகணும்னு இல்ல. உங்க ஊர் தோட்டனூத்துல இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கு, 2022 செப்டம்பர்ல 321 புது வீடு திறந்தாங்களே, அதேதான். இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடல, அகதிகளுக்குன்னு தனிச் சட்டமும் இல்ல, 2019 குடியுரிமைத் திருத்தத்துல இலங்கை பேரே கிடையாது. அதனால இங்கயே பொறந்து வளந்த பலருக்கும் குடியுரிமை இல்லாம, உதவித்தொகைலேர்ந்து வீடு வரைக்கும் அரசாணையாத்தான் வருது. லண்டன்ல கிளாஸ்ல படிக்கப்போற விஷயம் பஸ் ஏறினா வந்துடற தூரத்துல இருக்கு. ஆனா சும்மா போய் நின்னா உள்ள விட மாட்டாங்க, அங்க வேலை பாக்கற அமைப்பு மூலமா போ. அகதிகளே 1984லேர்ந்து நடத்தற ஆஃபர் (OfERR)ங்கற அமைப்பு இருக்கு, கேட்டுப் பாரு.

என்ஜிஓ வேலைல சம்பளம் கம்மியாத்தான் இருக்கும். வெளிநாட்டு நிதி வாங்கறதுக்கான எஃப்சிஆர்ஏ சட்டத்த 2020ல திருத்தினதுல வெளிநாட்டு நிதிய ஒரு அமைப்பு இன்னொண்ணுக்கு குடுக்க முடியாது, நிர்வாகச் செலவும் 50லேர்ந்து 20 சதவீதமா இறங்கிடுச்சு, சின்ன அமைப்புங்க மூச்சு முட்டுது. அதனால இன்டர்வியூல கூச்சப்படாம கேளு: எஃப்சிஆர்ஏ பதிவு ரினியூவல் ஆயிருக்கா, என் சம்பளம் எந்த ப்ராஜெக்ட்லேர்ந்து வருது, அது எப்ப முடியுது. சேந்ததும் பட்ஜெட் போடறவர் பக்கத்துல உக்காந்துக்கோ, எக்ஸெலும் கோபோ டூல்பாக்ஸ்ங்கற சாஃப்ட்வேர்ல சர்வே பண்றதும் தெரிஞ்சவங்கள லேசுல விட மாட்டாங்க. ஃப்ரெஞ்சும் ஆரம்பிச்சுடு, மேற்கு ஆப்பிரிக்கால பாதி வேலை அதுலதான்.

அம்மா சொல்றத ஒதுக்கிடாத. வெள்ளம் வந்தா பள்ளிக்கூடத்துல முகாம் திறந்து யாருக்கு எவ்ளோ அரிசின்னு முடிவு பண்றது வருவாய்த் துறை, குரூப் 1ல டெபுடி கலெக்டரா வர்றவங்க கைல இருக்கற அதிகாரம் ஜெனீவால பாலிசி ஆபீசருக்கு கிடையாது. புடிக்காம எழுதாத, ஆனா கேவலமா நெனைக்காத.

ரெண்டு வருஷ அனுபவம் சேந்துட்டா பிரிட்டன் அரசு தர்ற செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்ணலாம், ஃபீஸ், தங்கறது, டிக்கெட் எல்லாம் அவங்க. முடிச்சிட்டு ரெண்டு வருஷம் ஊர்ல இருக்கணும்னு கண்டிஷன், இருந்துட்டுப் போவோம். காமன்வெல்த், எராஸ்மஸ் முண்டஸ் ஸ்காலர்ஷிப்பும் பாரு. போட்டி கடுமைதான், ஆனா தோத்தாலும் வீடு போகாது.

இந்த வாரம் யூனிவர்சிட்டிக்கு ஒரு மெயில் போட்டு சீட்ட அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வெக்க முடியுமான்னு கேளு, பதில் வர்ற வரைக்கும் டெபாசிட் கட்டாத. நடுவுல யாராவது ஐ.நா. வேலை வாங்கித் தர்றேன், ப்ராசஸிங் ஃபீஸ் கட்டுன்னு வாட்ஸப்ல வந்தா பிளாக் பண்ணிடு, ஐ.நா. வேலைக்கு எந்தக் கட்டத்துலயும் பணம் கேக்க மாட்டாங்க.