சர்க்கரை நோயாளிக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை நோய் உண்டு. நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ்.ஸில் குளுக்கோஸ் இருக்கிறதே என்று பயந்து, மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்த 'சுகர் ஃப்ரீ' எலக்ட்ரோலைட் பானத்தைக் கொடுத்து வருகிறேன். போதுமா?

போதாது. இப்போதே ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு மாறுங்கள். அதில் குளுக்கோஸ் ருசிக்காகச் சேர்ப்பதல்ல. குடல் செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. உப்பு அதைத் தானாகத் தாண்டாது. சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம், இரண்டு சோடியத்தோடு ஒரு குளுக்கோஸும் வந்தால்தான் சேர்த்து உள்ளே விடும். தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும். காலராவில்கூட இந்த வழி அடைபடுவதில்லை. நாக்குக்கு இனிக்கும் செயற்கை இனிப்பை அந்தப் புரதம் கண்டுகொள்ளாது.

ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அம்மாவுக்கு இப்போது அதைவிடப் பெரிய ஆபத்து உடம்பில் நீர் வற்றுவது. சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்துக்கொண்டே கொடுங்கள்.

கடையில் ஏமாறாதீர்கள். ஓ.ஆர்.எஸ். கேட்டால் பழப்படம் போட்ட அட்டைப் பெட்டியைத் தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பெட்டிப் பானத்தில் இருக்கும் அளவுக்கு மீறிய சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து, போக்கைக் கூட்டும். இத்தகைய பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற சொல்லே வரக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது 2025 அக்டோபரில்தான். குழந்தைகள் மருத்துவர்கள் எத்தனை வருடம் கத்தினோம்! உலக சுகாதார நிறுவனச் சூத்திரம் என்று அச்சிட்ட தூள் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள். லிட்டர் பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் அளவு கெட்டுவிடும்.

அப்புறம், அம்மாவின் சர்க்கரை மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று '-ஃப்ளோசின்' என முடியும் பெயர் இருக்கிறதா? மெட்ஃபார்மினோடு கலந்த மாத்திரையில் அது பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள். சிறுநீரகத்திலும் குடலில் இருப்பதன் உறவுக்காரப் புரதம் ஒன்று குளுக்கோஸை மீட்டெடுக்கிறது. இந்த மாத்திரை அதை அடைத்துவிடுவதால் சர்க்கரை சிறுநீரில் போகும், தண்ணீரும் கூடவே போகும். போக்கில் ஏற்கெனவே வற்றிய உடம்பு அதைத் தாங்காது. மீட்டரில் சர்க்கரை சுமாராகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். ஆகவே இன்றே டாக்டரிடம் பேசி, போக்கு நிற்கும்வரை அதை நிறுத்தி வைக்கலாமா என்று கேளுங்கள். இன்சுலின் போடுபவரானால் அதை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது.

வாந்தி நிற்காவிட்டாலோ, சிறுநீர் வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ ஓ.ஆர்.எஸ்.ஸை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.